தொழில்துறைக்கான கலப்புருப் பொருள்கள்: வடிவமைப்பும் உற்பத்தியும் இணையும் கூட்டாய்வு – ஆவடி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலோகத்தில் பொருளை ஆக்குபவரும் அதிலிருந்து உறுப்பை ஆக்குபவரும் வேறுவேறானவர்கள். கலப்புருப் பொருளில் இப்பிரிவினை இயலாது. இழையும் பிசினும் அச்சினுள் இணைந்து இறுகும் பொழுதே பொருளும் உறுப்பும் ஒருசேர உருவாகின்றன. எனவே வடிவமைப்பாளர், உற்பத்தியாளர், சோதனையாளர் ஆகியோரின் கூட்டாய்வு இத்துறையில் வசதிக்காக மேற்கொள்ளப்படுவதன்று. அது பொருளின் இயல்பே வேண்டி நிற்கும் தேவை. இக்கருத்தைக் கலப்புருவின் இயக்கவியல், உற்பத்தி முறைகள், இந்தியக் கூட்டாய்வு முன்னுதாரணங்கள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகரில் கல்லூரி ஆய்வும் சிறுதொழிற்கூடமும் இணைவதற்குரிய வழிகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலப்புருப் பொருள், வலுவூட்டும் இழை, பிசின், கூட்டாய்வு, வடிவமைப்பு மதிப்பு, ஆவடி, அம்பத்தூர், கலைச்சொல்.

முன்னுரை

தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட படகை மீனவர்கள் ‘பைபர் படகு’ என்று அழைக்கின்றனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவ்வகைப் படகுகள் மேலும் பரவின. ‘பைபர்’ என்னும் சொல் இழையை மட்டுமே குறிப்பது. ஆனால் படகின் உடல் இழையால் மட்டும் ஆனதன்று. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்து இறுகியதால் ஆனது. இவ்விரண்டில் எதைத் தனியே எடுத்தாலும் படகு அமையாது. இழை மட்டும் இருந்தால் துணிபோல் மடங்கும்; பிசின் மட்டும் இருந்தால் ஓர் அடியில் நொறுங்கும். தம் தனித்தன்மையை இழக்காமல் இரண்டு பொருள்கள் சேர்ந்து, தனித்தனியே இல்லாத ஒரு பண்பைப் பெறுவதே கலப்புருப் பொருளின் இலக்கணம் எனலாம். வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவரும் இவ்விலக்கணத்துள் அடங்கும்.

வானூர்தி, ஏவூர்தி, ரயில் பெட்டி, காற்றாலை இறகு, செயற்கைக்கால் எனக் கலப்புருவின் பயன்பாடு இன்று விரிந்துள்ளது. தமிழகப் பொறியியல் கல்லூரிகளிலும் இத்துறை சார்ந்த ஆய்வேடுகள் தொடர்ந்து எழுதப்படுகின்றன. தென்னைநார், வாழைநார், கற்றாழைநார், சணல், பனைநார் ஆகிய இயற்கை இழைகளைக் கொண்டு செய்த தகடுகளின் இழுவலிமையும் வளைவலிமையும் அளக்கப்பட்டு, கட்டுரைகள் வெளியாகின்றன. ஆயினும் சோதனைத் துண்டாகத் தொடங்கிய பொருள் தொழிற்கூடத்தில் ஓர் உறுப்பாக முடிவது அரிதாகவே உள்ளது. இவ்விடைவெளி ஏன் ஏற்படுகிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்னும் வினாக்களே இக்கட்டுரையின் மையம்.

திசைசார் பண்பும் வடிவமைப்பும்

எஃகுத் தகட்டை எந்தத் திசையில் இழுத்தாலும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஒரே திசையில் இழைகளை அடுக்கிய கலப்புருவில் அவ்வாறில்லை. கண்ணாடி இழையின் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல். எப்பாக்சிப் பிசினுடையது ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல். கன அளவில் இரண்டும் பாதிக்குப் பாதி சேரும்பொழுது, இழைத் திசையில் விறைப்பு எளிய கலவை விதிப்படி 37.5 கிகாபாஸ்கல் ஆகும். இழைக்குக் குறுக்குத் திசையில் அதே கணக்கு ஏறத்தாழ 5.8 கிகாபாஸ்கல் எனத் தருகிறது. ஒரே தகட்டில் ஒரு திசை மற்றொன்றைவிட ஆறு மடங்குக்கும் மேல் விறைப்பாக உள்ளது.

இது குறையன்று, வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் உரிமை. விசை எத்திசையில் வருகிறதோ அத்திசையில் இழையை வைத்து, தேவையற்ற இடத்தில் எடையைக் குறைக்கலாம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியத்தினுடையது 2.7 கிராம், கரிம இழைக் கலப்புருவினுடையது ஏறத்தாழ 1.6 கிராம். எடைக்கேற்ற விறைப்பு என்னும் அளவுகோலில் கலப்புரு முந்துவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இவ்வுரிமையோடு ஒரு கடப்பாடும் வருகிறது. வரைபடத்தில் குறித்த கோணத்தில் இழை உண்மையிலேயே அமைந்திருக்க வேண்டும். இழைத் திசையில் 139, குறுக்குத் திசையில் 9, சறுக்கத்தில் 5 கிகாபாஸ்கல் எனக் குணகங்கள் கொண்ட கரிம இழை அடுக்கு ஒன்றைக் கொள்வோம். இழை 5 பாகை விலகினால் அதன் விறைப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும். 10 பாகை விலகினால் 40 விழுக்காட்டிற்கு மேல் குறையும். துணியை அச்சில் பதிக்கும் தொழிலாளியின் கை சற்றே சாய்வதால் விளையும் இழப்பு இது. ஆகவே வடிவமைப்பாளரின் கணக்கு தொழிற்கூடத்தில்தான் மெய்யாகிறது அல்லது பொய்யாகிறது.

பொருள் பிறக்கும் இடம்

உலோக உறுப்பு ஒன்றைச் செய்பவர் ஆலையின் சான்றிதழோடு தகட்டை வாங்குகிறார். அதன் வலிமை முன்னரே முடிவாகிவிட்டது. வெட்டுவதும் வளைப்பதும் துளையிடுவதும் அடுத்த பணிகள். கலப்புருவில் வாங்கப்படுபவை இழையும் பிசினும் மட்டுமே. வலிமை இன்னும் பிறக்கவில்லை. பிசினின் வெப்பநிலை, அழுத்தம், இறுகும் நேரம், காற்றின் ஈரப்பதம், இழையின் பங்கு, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ் ஆகியவை சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

இவற்றுள் காற்றுக்குமிழ் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கன அளவில் 1 விழுக்காடு வெற்றிடம் இருந்தால், அடுக்குகளுக்கு இடையிலான சறுக்க வலிமை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவதாக ஆய்வுகள் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றன. வெளிப்பார்வைக்கு உறுப்பு பளபளப்பாகவே இருக்கும். வானூர்தி உறுப்புகளைத் தன்னழுத்தக் கலத்தில் வைத்து வெப்பமும் உயரழுத்தமும் தந்து இறுக்குவதன் முதன்மை நோக்கம் இவ்வெற்றிடத்தை ஒடுக்குவதே.

வடிவமும் இதே காரணத்தால் மாறுகிறது. 90 பாகை மூலையுடைய கலப்புரு உறுப்பு ஒன்று அச்சிலிருந்து வெளிவரும்பொழுது அக்கோணம் ஓரிரு பாகை குறைந்து உள்வாங்குவதுண்டு. தகட்டின் தளத்தில் இழை சுருக்கத்தைத் தடுக்கிறது. தடிமனின் திசையில் தடுப்பதற்கு இழை இல்லாததால் பிசின் கூடுதலாகச் சுருங்குகிறது. இதை அறியாத வடிவமைப்பாளர் சரியான கோணத்தில் அச்சைக் கேட்பார். பொருத்தும் இடத்தில் உறுப்பு பொருந்தாது. அறிந்தவர் அச்சையே முன்கூட்டித் திருத்திக் கேட்பார். எவ்வளவு திருத்துவது என்பதற்கு விடை பொதுநூலில் இல்லை. அந்தப் பிசின், அந்த அடுக்கு, அந்த வெப்பச் சுற்று ஆகியவற்றின் முந்தைய பதிவேட்டில் உள்ளது.

உற்பத்தி முறைகள்: தேர்வும் விளைவும்

கையால் பதிக்கும் முறை மிகப் பழையதும் எளியதும் ஆகும். அச்சில் மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடி இழை மேட்டை விரித்து, பிசினைத் தூரிகையால் தடவி, உருளையால் காற்றை வெளியேற்றுவர். முதலீடு குறைவு; பெரிய வடிவங்களுக்கு ஏற்றது. தடிமனும் இழைப்பங்கும் கைக்குக் கை வேறுபடுவது இதன் வரம்பு.

வெற்றிடத்தால் பிசினை ஈர்க்கும் முறையில் உலர்ந்த இழைத்துணி அச்சில் அடுக்கப்பட்டு, உறையால் மூடப்பட்டு, காற்று உறிஞ்சப்படுகிறது. பிசின் தானே உள்ளே பாய்கிறது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் ‘வெரிட்டி’ என்னும் பெயரில் இம்முறையை மேம்படுத்தி, சாரஸ் வானூர்தியின் இறக்கைப் பணிக்குப் பயன்படுத்தியது. தன்னழுத்தக் கலத்தின் பெருஞ்செலவைத் தவிர்த்து வானூர்தித் தரத்தை எட்டும் முயற்சி அது.

இழைசுற்று முறை அழுத்தக் கலன்களுக்கு உரியது. உருளைக் கலத்தில் உள்ளழுத்தம் சுற்றளவின் திசையில் தரும் தகைவு நீளத் திசையில் தருவதைப்போல் இரு மடங்கு. இழை மட்டுமே சுமையைத் தாங்குவதாகக் கொண்டால் அதைச் சுற்ற வேண்டிய கோணம் ஏறத்தாழ 55 பாகை என்று கணக்கு காட்டுகிறது. இங்கு வடிவமைப்பின் முடிவும் எந்திரத்தின் இயக்கப்பாதையும் ஒரே எண்.

இழைகளைப் பிசினில் தோய்த்துச் சூடான அச்சுவழி இழுத்து நீள்கம்பிகளாக்கும் முறையும், தாள் வடிவக் கலவையை அழுத்த எந்திரத்தில் வார்க்கும் முறையும் பெருந்தொகை உற்பத்திக்கு ஏற்றவை. அச்சின் விலை மிகுதி என்பதால் ஆயிரக்கணக்கில் தேவை இருந்தாலன்றி இவை கட்டுபடியாகா. ஆகவே எத்தனை உறுப்புகள் வேண்டும் என்னும் வணிக வினா உற்பத்தி முறையை முடிவு செய்கிறது. முறை இழைப்பங்கை முடிவு செய்கிறது. இழைப்பங்கு வலிமையை முடிவு செய்கிறது. ஆய்வகத்தில் அழுத்த எந்திரத்தில் செய்த சோதனைத் துண்டின் வலிமையைக் கையால் பதித்த உறுப்பிற்கு ஏற்றிச் சொல்வது இச்சங்கிலியைப் புறக்கணிப்பதாகும்.

இந்தியக் கூட்டாய்வு: மூன்று முன்னுதாரணங்கள்

முதலாவது, ஏவூர்தி. 1980 சூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்திய எஸ்.எல்.வி-3 நான்கு கட்டங்களைக் கொண்டது. அதன் மேற்கட்டங்களின் பொறிக்கூடுகள் இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆனவை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் நான்காம் கட்டத்தின் பணியை முன்னின்று நடத்தியவர். பின்னர் திட்ட இயக்குநரானார். மேற்கட்டத்தில் குறையும் எடை ஏறத்தாழ முழுவதும் செயற்கைக்கோளின் எடையாக மாறும் என்பதால் கலப்புரு அங்குத் தவிர்க்க இயலாததாயிற்று. 1981ஆம் ஆண்டு ஏரியன் ஏவூர்தியில் சென்ற ஆப்பிள் செயற்கைக்கோளின் உந்துபொறி இந்நான்காம் கட்டத்திலிருந்து உருவானதே. ஒரு திட்டத்தின் உற்பத்தி அறிவு மற்றொரு திட்டத்திற்குக் கைமாறியதை இது காட்டுகிறது.

இரண்டாவது, வானூர்தி. 2001 சனவரி 4 அன்று முதன்முதல் பறந்த இலகுரகப் போர் வானூர்தி (பின்னர் தேஜஸ்) எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கலப்புருவால் ஆனது. வானூர்தி மேம்பாட்டு முகமை வடிவமைத்தது; தேசிய வான்வெளி ஆய்வகம் கலப்புரு உறுப்புகளின் உருவாக்கத்தில் பங்கேற்றது; இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்தது. பல துண்டுகளைத் தனித்தனியே செய்து ஆணியிட்டு இணைப்பதற்கு மாறாக, ஒன்றாக அடுக்கி ஒன்றாகவே இறுக்கும் முறை பின்பற்றப்பட்டது. துண்டுகளும் ஆணிகளும் துளைகளும் குறைந்தன. கலப்புருவில் ஒவ்வொரு துளையும் இழைகளை அறுப்பதால் இக்குறைவு எடையை மட்டுமன்றி வலிமையையும் சார்ந்தது. அடுக்குகளை வடிவமைக்க முகமை உருவாக்கிய ‘ஆட்டோலே’ மென்பொருள் இக்கூட்டு முயற்சியின் மற்றொரு விளைவு. வடிவமைப்புத் திரையில் வரைந்த அடுக்கைத் தட்டையாக விரித்து வெட்டுவதற்குரிய துணி வடிவமாக மாற்றித் தருவது இத்தகைய மென்பொருளின் பணி. தையற்கலைஞர் உடலளவைத் துணியளவாக மாற்றுவதற்கு ஒப்பானது அது.

மூன்றாவது, மருத்துவம். ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 3 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலணைகளை இழுத்து நடந்ததையும், ஏவுகணைத் திட்டத்தின் இலகுவான பொருளறிவைக் கொண்டு 300 கிராம் அளவில் மாற்று அணை செய்யப்பட்டதையும் கலாம் தம் உரைகளில் பலமுறை குறிப்பிட்டுள்ளார். இங்கே புதிய பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை. தேவையை அறிந்த மருத்துவரும் பொருளை அறிந்த பொறியாளரும் சந்தித்தனர், அச்சந்திப்பே ஆய்வாயிற்று.

மூன்று நிகழ்வுகளிலும் பொதுவான கூறு ஒன்று உண்டு. இறுதி உறுப்பு எது, அது எங்கே எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்னும் வினா முதலில் எழுந்தது. பொருளாய்வு அதற்கு விடையாகப் பின்னர் வந்தது.

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, அம்பத்தூர்

சென்னையின் மேற்குப் புறநகர் இத்தகைய சந்திப்பிற்குரிய களமாக அமைந்துள்ளது. முத்தாபுதுப்பேட்டையில் இந்திய விமானப்படையின் ஆவடி நிலையமும் ஆலிம் முகமது சாலிஹ் பொறியியல் கல்லூரியும் உள்ளன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் ஓர் அங்கமான போர் ஊர்திகள் ஆய்வு மற்றும் மேம்பாட்டு நிறுவனமும் செயல்படுகின்றன. கிழக்கே 1960களில் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதற்கும் கிழக்கே 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை.

ஆவடியின் அர்ஜுன் பீரங்கி வண்டி வடிவமைப்பும் உற்பத்தியும் அருகருகே அமைந்ததன் சான்று. வடிவமைத்த ஆய்வகமும் உருவாக்கும் தொழிற்சாலையும் ஒரே ஊரில் உள்ளன. அதன் ‘காஞ்சன்’ கவசம் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தில் உருவானது. அவ்வாய்வகம் அமைந்துள்ள காஞ்சன்பாக் என்னும் இடத்தின் பெயரே கவசத்திற்கும் வந்தது. அதன் உள்ளமைப்பு மறைபொருளாகக் காக்கப்படுகிறது. ஆயினும் கலப்புக் கவசத்தின் பொதுத் தத்துவம் அறியப்பட்டதே. கடினமான செராமிக் அடுக்கு எறிபொருளின் முனையை நொறுக்குகிறது. பின்னுள்ள உலோகமோ இழை அடுக்கோ எஞ்சிய ஆற்றலை உள்வாங்குகிறது.

இக்கவசத் தத்துவம் ஒரு நுட்பமான பாடத்தையும் தருகிறது. சுமை தாங்கும் உறுப்பில் இழைக்கும் பிசினுக்கும் இடையே பிணைப்பு உறுதியாக இருக்க வேண்டும். தோட்டாவைத் தடுக்கும் இழை அடுக்கிலோ பிணைப்பு அளவு கடந்து உறுதியாக இருத்தல் கூடாது. அடுக்குகள் ஓரளவு பிரிந்து, இழைகள் நீண்டு இழுபட்டால்தான் ஆற்றல் பரந்து செலவாகும். ஒன்றில் குறையெனப்படுவது மற்றொன்றில் தேவையாகிறது. எனவே பயன்பாட்டைச் சுட்டாமல் ‘பிணைப்பு மேம்பட்டது’ என்று முடிக்கும் ஆய்வு பாதி விடையையே தருகிறது.

பெரம்பூர் தொழிற்சாலையில் 2018ஆம் ஆண்டு உருவாகிப் பின்னர் வந்தே பாரத் எனப் பெயர்பெற்ற ரயிலின் முகப்பு இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆனது. ரயில் பெட்டியில் பயன்படும் கலப்புருவிற்கு வலிமையைவிடத் தீ, புகை, நச்சுவளி ஆகியவற்றின் சோதனைகள் கடுமையானவை. தீத்தடுப்புப் பொடியைப் பிசினில் கூட்டினால் அது கெட்டிப்பட்டு இழைக்குள் ஊடுருவ மறுக்கிறது, காற்றுக்குமிழ் கூடுகிறது. தீப்பாதுகாப்பு நிபுணரின் தீர்வு உற்பத்தியாளரின் சிக்கலாக மாறும் இவ்விடத்தில் இருவரும் ஒரே மேசையில் அமர வேண்டியுள்ளது.

தட்பவெப்பம் இவ்வட்டாரத்திற்கே உரிய மற்றொரு கூறு. பிசின் நிறுவனங்கள் தரும் தகவல் தாளில் இறுகும் நேரம் பெரும்பாலும் 25 பாகை செல்சியசில் அளந்து தரப்பட்டிருக்கும். கோடையில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் கூடத்தில் வெப்பம் 40 பாகையைத் தொடுகிறது. பாலியெஸ்டர் பிசின் மிக விரைவில் இறுகிவிடும். மழைக்காலத்திலோ ஈரம் இழையில் ஒட்டிப் பிணைப்பைக் கெடுக்கிறது. அனுபவமிக்க தொழிலாளி கோடையில் ஹார்ட்னரைக் குறைக்கிறார், சிறுசிறு அளவாகக் கலக்கிறார், நண்பகலைத் தவிர்க்கிறார். இவ்வறிவு எந்த ஆய்வேட்டிலும் இடம்பெறுவதில்லை. அவர் பணியிலிருந்து விலகும்பொழுது அதுவும் அவருடன் விலகுகிறது. மாதந்தோறும் வெப்பம், ஈரப்பதம், கலவை அளவு, இறுகும் நேரம் ஆகியவற்றை ஓராண்டு பதிவு செய்தாலே ஒரு முதுகலை மாணவருக்குத் தகுதியான ஆய்வும் அத்தொழிற்கூடத்திற்குப் பயன்படும் அட்டவணையும் கிடைக்கும்.

சோதனைத் துண்டிலிருந்து உறுப்பு வரை

தொழில்துறை கலப்புரு ஆய்வைப் படிப்படியாக அடுக்குகிறது. அடியில் சோதனைத் துண்டுகள், அவற்றின்மேல் இணைப்பு, மூலை, துளை போன்ற சிறு கூறுகள், அதன்மேல் துணைக்கட்டமைப்பு, உச்சியில் முழு உறுப்பு. கீழிருந்து மேலே செல்லச் செல்லச் சோதனைகளின் எண்ணிக்கை குறையும்; ஒவ்வொன்றின் செலவு கூடும். கல்லூரி ஆய்வுகளிற் பெரும்பாலானவை முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

முதற்படியிலும் ஓர் இடைவெளி உண்டு. இழுசோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். டி3039 செந்தரம் ஒரு நிலைமைக்குக் குறைந்தது 5 துண்டுகளைக் கோருகிறது. அவற்றின் சராசரியே பொதுவாக ஆய்வுக்கட்டுரையில் இடம்பெறுகிறது. ஆனால் சராசரி வலிமையில் உறுப்பை வடிவமைத்தால், ஏறத்தாழப் பாதி உறுப்புகள் அதைவிடக் குறைந்த வலிமையுடையனவாக இருக்கும். எனவே வானூர்தித் துறை வேறோர் அளவைக் கேட்கிறது. 95 விழுக்காடு நம்பிக்கையுடன், 90 விழுக்காடு துண்டுகள் எந்த மதிப்பைக் கடக்குமோ அதுவே ‘பி’ வகை வடிவமைப்பு மதிப்பு. ஓர் உறுப்பு முறிந்தாலே முழு அமைப்பும் வீழும் இடங்களில் 90க்கு மாறாக 99 விழுக்காடு கோரப்படுகிறது. அது ‘ஏ’ வகை. ‘பி’ வகை மதிப்பைப் பெற ஐந்து வெவ்வேறு தொகுதிகளிலிருந்து 30 துண்டுகளைச் சோதிப்பது நிலைபெற்ற நடைமுறைகளுள் ஒன்று. தொகுதிக்குத் தொகுதி வேறுபடும் இயற்கை இழைகளில் இத்தேவை இன்னும் கூடுதல். ஒரே கட்டில் வாங்கிய வாழைநாரில் செய்த 5 துண்டுகள் அடுத்த அறுவடையின் நாரைப் பற்றி எதுவும் கூறா.

ஒரு கல்லூரியால் ஐந்து தொகுதிகளைத் தனியே செய்து சோதிப்பது கடினம். ஐந்து கல்லூரிகள் ஒரே செய்முறையில், ஒரே பதிவுப் படிவத்தில், ஒரு தொகுதி வீதம் செய்தால் அது கைகூடும். கூட்டாய்வின் எளிய, செலவு குறைந்த வடிவம் இதுவே.

சோதனைக் கருவிகளின் விலையும் கூட்டைக் கோருகிறது. கிண்டியில் 1968இல் தொடங்கப்பட்ட சிப்பெட் நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இப்பகுதிக்கு எட்டும் தொலைவில் உள்ளன. 2019 சனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளுள் சென்னையும் ஒன்று. 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம் 400 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், திட்டச் செலவில் 75 விழுக்காடு வரை மானியம் வழங்க வகை செய்தது. சிறுநிறுவனம் தானே வாங்க இயலாத கருவியைப் பகிர்ந்து பயன்படுத்தும் வாய்ப்பு இத்தகைய திட்டங்களால் உருவாகிறது.

கூட்டாய்வின் இடர்கள்

முதல் இடர் நலன்களின் முரண். ஆய்வாளர் முடிவை வெளியிட வேண்டும்; நிறுவனம் செய்முறையை மறைக்க வேண்டும். பணி முடிந்தபின் இதைப் பேசினால் பட்டமும் தாமதமாகும், உறவும் முறியும். பொதுத் தத்துவமும் அளவீட்டு முறையும் வெளியீட்டிற்கு, குறிப்பிட்ட கலவை விகிதமும் அச்சு விவரமும் நிறுவனத்திற்கு என முதலிலேயே எழுதிக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

இரண்டாவது, உழைப்போரின் உடல்நலம். பாலியெஸ்டர் பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியும், தேய்க்கும்பொழுது பறக்கும் கண்ணாடித் தூசியும் தோலையும் மூச்சையும் தாக்குவன. பிசினை இறுக்கப் பயன்படும் பெராக்சைடு வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் அவை வெடித்துத் தீப்பற்றக்கூடும். ஒன்றைப் பிசினில் முழுதும் கலந்த பின்னரே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். வலிமையை மட்டும் அளந்து இவற்றைப் பேசாத ஆய்வு தொழிற்கூடத்தின் உண்மைச் செலவை மறைத்துவிடுகிறது. மூடிய அச்சில் பிசினை ஈர்க்கும் முறைக்கு மாறுவது தரத்திற்காக மட்டுமன்றி உழைப்போரின் மூச்சிற்காகவும் பரிந்துரைக்கத் தக்கது.

மூன்றாவது, பொருளின் இறுதி. வெப்பத்தால் இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. தமிழகத்தில் பழைய காற்றாலைகள் கழற்றப்படும்பொழுது இறகுகளை என்ன செய்வது என்னும் வினா எழுகிறது. உருகும் தன்மையுள்ள பிளாஸ்டிக்கைப் பிணைப்பாகக் கொள்வதும், ஆக்சிசனற்ற சூழலில் வெப்பப்படுத்தி இழையை மீட்பதும் ஆய்வில் உள்ள வழிகள். கழிவைப் பற்றிய முடிவையும் வடிவமைப்பின்போதே எடுக்க வேண்டியுள்ளது.

நான்காவது, மொழி. தொழிற்கூடத்தில் வழங்குபவை ‘ரெசின்’, ‘மேட்’, ‘ஹார்ட்னர்’, ‘ஜெல்கோட்’, ‘மோல்டு’ ஆகிய சொற்கள். கல்லூரியில் வழங்குவது ஆங்கிலப் பாடநூலின் நடை. கலைச்சொல் தொகுப்புகளில் உள்ளவை இவ்விரண்டும் அல்லாத சொற்கள். பக்குவமான நிலையைப் ‘பதம்’ என்று சொல்லும் கைத்தொழில் வழக்கு தமிழில் உண்டு. செய்முறைக் குறிப்பை உழைப்பவர் படித்துணரும் தமிழில் எழுதுவது மொழிப்பற்றின் வெளிப்பாடு மட்டுமன்று. இழையின் கோணம் 5 பாகை விலகாமல் காக்கும் தரக்கட்டுப்பாட்டு வழியும் ஆகும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழாய்வாளர்கள் தொழிற்கூட வழக்கைத் தொகுப்பதிலிருந்து தொடங்கினால், பொறியியல் ஆய்வின் கூட்டாளிகளாக அவர்களும் இடம்பெறுவர்.

முடிவுரை

கலப்புருவில் பொருளும் உறுப்பும் ஒன்றாக உருவாகின்றன என்பதே இத்துறையின் அடிப்படை உண்மை. திசைசார் பண்பு, வெற்றிடம், சுருக்கம், வெப்பச்சுற்று ஆகிய அனைத்தும் அவ்வுண்மையின் வெவ்வேறு முகங்கள். எஸ்.எல்.வி-3, தேஜஸ், காலணை ஆகிய முன்னுதாரணங்கள் உறுப்பின் தேவையிலிருந்து பொருளை நோக்கி நகர்ந்தவை. சோதனைத் துண்டோடு நின்றுவிடும் ஆய்வுகள் பொருளிலிருந்து தொடங்கி உறுப்பை எட்டாதவை.

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் கல்லூரி, ஆய்வகம், தொழிற்பேட்டை, ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆகியவை ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் உள்ளன. இவற்றை இணைக்க மூன்று பணிகள் முதன்மையானவை. ஒவ்வொரு ஆய்வேடும் ஓர் உறுப்பையும் அதன் சுமையையும் பெயர் சுட்டித் தொடங்க வேண்டும். வலிமையின் சராசரியோடு செய்முறைப் பதிவும் வெற்றிட அளவும் தொகுதி வேறுபாடும் வெளியிடப்பட வேண்டும். அச்சின் அருகே நிற்பவரின் அறிவு அவர் மொழியிலேயே பதிவாக வேண்டும். இவை பெருமுதலீட்டைக் கோருவன அல்ல. ஆய்வுத்திட்டம் எழுதப்படும் நாளிலேயே தொழிற்கூடத்தாரையும் உடன் அமர்த்திக்கொள்வதிலிருந்து இவற்றைத் தொடங்கலாம்.